நெடுந்தீவில் ஒரு நாள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் எங்கள் மாதர் குழுவினர் 12 பேரும் படகுக்காகக் காத்து நின்றோம். ஓர் அக்கா மட்டும் படகில் கால் வைக்கத் தயங்கினார். 1985 மே 15ஆம் திகதி இக்கடலில் குமுதினிப் படகில் பயணித்தோர் வெட்டிக் கொல்லப்பட்டதை அவர் மறக்கவில்லை.

"அவசரமில்லை அக்கா. விருப்பமில்லாட்டி நானும் உங்களோட இங்கயே நிக்கிறன்" என்றேன். சற்று நேரத்தில் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். நெடுந்தீவில் வேலிகள் முருகைக் கற்களால் ஆனவை. சாந்து இல்லாமலே அடுக்கியிருக்கிறார்கள். ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகளிலும் அதே கல்தான். வெட்டவெளியில் குதிரைகள் கட்டாக்காலியாக மேய்கின்றன. அந்நியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. பெருக்குமரத்தின் பொந்துக்குள் புகுந்து சிறுபிள்ளைகள் போலச் சிரித்தோம்.

கட்டுச்சோறு உண்டபின் பனை நிழலில் இருந்தோம். "வேலை செய்யாமல் இருக்கக் குற்றமாய்க் கிடக்குது பிள்ளை" என்றார் அந்த அக்கா. கணவரை இழந்தபின் அவர் ஒரு நாளும் ஓய்ந்திருந்ததில்லையாம்.

சகோதரிகளே, எம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. சற்று ஓய்ந்திருப்பதால் இழந்தவர்களை மறந்துவிட்டோம் என்றாகாது. உழைத்த உடலுக்கும் அழுத மனத்துக்கும் இடைக்கிடை ஆறுதல் வேண்டும். நீங்களும் குழுவாகச் சேர்ந்து போய்வாருங்கள். குடிதண்ணீரும் குடையும் கொண்டுபோங்கள். திரும்பும் படகின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

மாலையில் அந்த அக்கா என் கையைப் பிடிக்காமலே படகில் ஏறினார். கரை வரும்வரை கடலைப் பார்த்தபடியே இருந்தார்.