ஒரே ஒரு ‘வல்லவன்’



“ஒரு ஆல்பத்தோடு சரி” என்று சில பாட்டுக் குழுக்களை இளக்காரமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மலேசியத் தமிழர்களான ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’ குழு 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டது. ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா போட்ட ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து, அதன்மேல் தமிழில் ராப் அடுக்கியிருந்தார்கள். யோகி பி பிறகு ‘பொல்லாதவன்’, ‘விவேகம்’ படங்களிலும் பாடினார். ஆனாலும் அந்தக் குழு என்றால் நம் பக்கத்தில் இன்றும் ‘வல்லவன்’தான்.

அப்போது என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பாடப் புத்தகத்தில் ஒரு வரி வாசிக்க மூன்று இடத்தில் நிற்பான். இடைவேளையில் பார்த்தால், அந்த ராப்பை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான்! ஒரு சொல் பிசகவில்லை. மறுநாள் அவனைச் சொல்லச் சொல்லிக் கரும்பலகையில் எழுதினேன். “இப்போ இதை வாசிடா” என்றேன். விரல் வைத்து வாசித்தான். தினம் நாலு வரி. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் செய்தித்தாள் தலைப்புகளை வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஊரப்பாக்கம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. இப்போதும் அந்த மூச்சு நிற்கிறதா பார்ப்போம்.