டிக்கிக்கும் சீற்றுக்கும் நடுவில்

அம்மம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்று எங்கட வீட்டில் எல்லாரும் முடிவெடுத்து வைத்திருந்தோம். சாவகச்சேரியில் ஏறினால் கைதடி மட்டும் கதைத்துக்கொண்டு வருவா. நாவற்குழிப் பாலம் வர, "பிள்ளையள், தலை இடிக்குது" என்பா. யாழ்ப்பாணத்தில் கிளினிக் வாசலில் இறங்கும்போது முகம் வெளிறிப் போயிருக்கும். ஒருநாள் சத்தியும் எடுத்தா. "வயசு போட்டுது, பிரஷர் ஏறியிருக்கும்" என்று நாங்கள்தான் சொன்னோம். காற்றுப் பட்டால் சரிவரும் என்று முன்பக்கக் கண்ணாடிகளை இறக்கி விட்டோம். புகை மணக்குது என்று ஒருக்கால் சொன்னா. வாசனைப் போத்தல் ஒன்று வாங்கி முன்னுக்குத் தொங்கவிட்டோம்.

கார் அம்மப்பாவினுடையது. மொறிஸ் மைனர் 1000. மைனர் 1948 இல் வெளிவந்தது, பத்து லட்சம் தொட்ட முதல் பிரித்தானியக் கார். 90களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது இந்தப் பழைய கார்கள்தான் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். எங்களுக்கு அதெல்லாம் கதை. 2022 இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் கோட்டும் வந்தபோது கார் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. பிறகு பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து அதை ரோட்டுக்கு எடுத்தோம்.

எதை முதலில் செய்தோம் தெரியுமா? பெயின்ற். பிறகு புதுச் சீற்றுத் துணி, பிறகு ரேடியோ. படம் எடுத்துப் போட்டு நிறைய லைக் வாங்கினோம்.

ஒருநாள் முன் சீற்றில் சாமான் இருந்ததால், எங்களில் ஒருத்தி அம்மம்மாவோடு பின்னால் ஏறினாள். பாலம் வர அவளுக்கும் தலை இடித்தது. அன்றைக்கே காரை மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோய் விட்டோம். அம்மம்மாவுக்கு இடித்தபோது அது வயசு. எங்களுக்கு இடித்தவுடன் அது கார்ப் பிழை. இதை எழுதவே வெட்கமாக இருக்கு.

அண்ணை பின் சீற்றின் சாய்மானத்தைக் கழற்றினார். டிக்கியையும் ஆக்கள் இருக்கிற இடத்தையும் பிரிக்க வேண்டிய பலகை பாதிக்கு மேல் இல்லை, கறையான் தின்று விட்டது. மிச்சத்தில் ரேடியோ வயர் போக நாங்களே துளைத்த ஓட்டை. சைலன்சர் குழாய் மூட்டிலும் கசிவு, டிக்கி மூடியின் றபர் காய்ந்து வெடித்திருந்தது.

"கண்ணாடியைத் திறந்து கொண்டோ ஓடினியள்?" என்று கேட்டார். ஓம் என்றோம். அவர் தலையில் கை வைத்தார். ஓடுகிற காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு, அதனால் புகை அங்கேயே சுழன்று டிக்கி இடுக்கால் உள்ளே வரும். முன் கண்ணாடியைத் திறந்தால் உள்ளே இருக்கிற காற்று வெளியே இழுபடும். அந்த இடத்தை நிரப்ப டிக்கிப் பக்கத்துக் காற்று வரும். நல்லது செய்கிறோம் என்று நினைத்து, புகையை அம்மம்மாவின் முகத்துக்கு நாங்களே இழுத்து விட்டிருக்கிறோம். புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பெற்றோல் டாங்கியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதன் ஆவி தனி ஆபத்து.

தேடிப் பார்த்தபோது இங்கிலாந்தில் கிட் கார் செய்கிற ஆக்களின் வீடியோக்கள் கிடைத்தன. லோட்டஸ் செவன் மாதிரிக் கார்களைப் பாகம் பாகமாக வாங்கி, வீட்டுக் கராஜிலேயே பூட்டுகிறார்கள். ஆளுக்கும் டாங்கிக்கும் நடுவில் வருகிற பின் தடுப்புத் தகட்டுக்கு அவர்கள் ஒரு முழு நாளைச் செலவழிக்கிறார்கள். அதே முறையில் நாங்களும் செய்தோம்.

முதலில் அண்ணை டாங்கியைக் கழற்றித் தூரமாக வைத்தார். வெறும் டாங்கிக்குள் ஆவி நிற்கும், கிட்டத் தீப்பொறி கூடாது என்றார். ஃபிரிட்ஜ் வந்த காட்போட் மட்டையில் அளவு வெட்டினோம், மூன்றாவது மட்டைதான் சரியாகப் பொருந்தியது. அதை வைத்து அலுமினியத் தகட்டை வெட்டி, விளிம்பை அராவினோம். கார்ப் பக்கத்துக் கறளைக் கம்பித் தூரிகையால் உரசிப் பிறைமர் அடித்தோம். அலுமினியம் வெறும் இரும்பில் முட்டிக்கொண்டு ஈரமும் சேர்ந்தால் அரிப்பு வரும். கடையில் மலிவான சிலிக்கோன் எடுத்தோம், அண்ணை திருப்பி அனுப்பினார். புளி மணக்கிற சிலிக்கோன் இரும்பைக் கறளாக்கும், பெற்றோல் பட்டால் ஊதும். பொலியூரித்தேன் சீலர் வாங்கி, அறாமல் ஒரே கோடாக விட்டு, அதன் மேல் தகட்டை வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு றிவிற் அடித்தோம். வயர் போகிற ஓட்டைக்கு றபர் வளையம் போட்டோம். சைலன்சர் மூட்டையும் டிக்கி றபரையும் மாற்றினோம். இவை பிழையாக இருந்தால் தடுப்பு மட்டும் காப்பாற்றாது.

கசிவு பார்க்க டிக்கிக்குள் சாம்பிராணி போடுவம் என்று தம்பி சொன்னான். அண்ணை கத்தின கத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு இரவில் தம்பியையே டிக்கிக்குள் ரோச் லைற்றோடு இருத்தி, மூடியைச் சாத்தினோம். உள்ளே இருட்டில் இருந்து பார்த்தோம். இடது மூலையில் ஊசி முனை அளவில் வெளிச்சம் தெரிந்தது. பூசினோம். திரும்பப் பார்த்தோம். இருட்டு.

மணம் போனதை மட்டும் நம்பக்கூடாது என்பதால் பற்றரியில் வேலை செய்கிற மொனொக்சைட் மானி ஒன்றும் வாங்கிப் பின் சீற்றில் வைத்து ஓடினோம். கடைசி மட்டும் பூச்சியம். பழைய கார் வைத்திருக்கிற ஆக்கள் ஒருக்கால் பின் சீற்றைக் கழற்றிப் பாருங்கோ. பெயின்ற் பிறகு அடிக்கலாம்.

அடுத்த கிளினிக் நாள். கைதடி தாண்டினோம். பாலம் வர எங்களில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?" என்று அம்மம்மா கேட்டா.

"தலை இடிக்குதோ அம்மம்மா?"

"இல்லை. நான் அப்பவே சொன்னனான் புகை மணக்குது எண்டு. நீங்கள் வாசனைப் போத்தல் வாங்கித் தூக்கினியள்."

அவ அதைப் பிறகு பெரிதாக எடுக்கவில்லை, அரியாலை வரும் மட்டும் வேறு கதை கதைத்தா. நாங்கள்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தோம். இறங்கும்போது தம்பி அந்தப் போத்தலைக் கழற்றிப் பையில் போட்டான்.