எதை ஏற்பது?

மல்லாபூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அவ்வீட்டு அத்தை (உறவல்ல, அழைப்பு மட்டுமே) தையல் தொழில் செய்பவர். ஈராண்டுகளுக்கு முன், ரவிக்கை தைக்கக் கொடுப்பதாகப் பேசிய ஒருவன், முன்பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி, அவருடைய கைபேசிக்கு ஒரு யுபிஐ கோரிக்கையை அனுப்பினான். திரையில் 'ஏற்கவும்', 'நிராகரிக்கவும்' என இரு பொத்தான்கள். அத்தை ஏற்றார், இரகசிய எண்ணையும் இட்டார். பணம் போயிற்று.

"பணம் தர்றேன்னு சொன்னான். ஏத்துக்கோன்னு போன் கேட்டுச்சு, ஏத்துக்கிட்டேன். இதுல நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?"

எனக்கு அது இலக்கண வினாவாகவே கேட்டது. 'ஏல்' என்பது செயப்படுபொருள் குன்றா வினை. ஆயினும் தமிழில் அச்செயப்படுபொருளைச் சொல்லாமல் விடலாம். கேட்பவர் சூழலிலிருந்து நிரப்பிக்கொள்வார். வடிவமைத்தவர் மனத்தில் இருந்தது 'கோரிக்கையை'. அத்தை நிரப்பியது 'பணத்தை'. அவர் தமிழில் பிழையில்லை.

அத்தையிடம் நான் சொல்லாத ஒன்றுண்டு. முதுகலை முடித்த ஆண்டில், வேறொரு செயலியின் உதவிக் குறிப்புகளைச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுத் தமிழாக்கினேன். அட்டவணையின் கட்டத்தில் ஒற்றைச் சொல் இருக்கும். அது எந்தத் திரையில் தோன்றும் என்பது தெரியாது. 'அக்செப்ட்' என்றிருந்த இடமெல்லாம் 'ஏற்கவும்' என்றே நிரப்பினேன்.

பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை என்னும் விளக்கம் அத்தையின் செயலியிலும் இருந்தது, மூன்று திரைகள் தாண்டி, வினாக்குறிக்குள். ஐபிஎம் ஆய்வகத்தில் கணினி கற்போரைக் கவனித்த ஜான் கரோல், 1990இல் வெளியிட்ட 'நியூரம்பர்க் புனல்' நூலில் இதைத்தான் விவரித்தார்: மனிதர் கையேட்டைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை, தொடங்கிவிட்டுத் தடுமாறுகிறார். ஆகவே உதவி அத்தடுமாற்றத்தின் அருகில் இருக்க வேண்டும்.

2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையேயான இக்கோரிக்கை வசதியையே தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. 'மொழி தோற்ற இடம்' என்று அதை ஆய்வேட்டில் எழுதினேன். நெறியாளர் அவ்வரியை அடித்துவிட்டார். அவர் செய்தது சரி. எவரும் மொழியை முயன்றே பார்க்கவில்லை.

சென்ற மாதம் தாளில் ஒரு மாற்றுத் திரை வரைந்து அத்தையிடம் காட்டினேன்: 'உங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு ரூபாய் போகும்.' அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"போகும்ங்கிறது கடைசியில கெடக்கே. ரூபாயப் பாத்ததும் கை அமுக்கிரும்."

வினை ஈற்றில் வரும் மொழி தமிழ் என்று இளநிலை மாணவருக்கு வகுப்பெடுத்தவள் நான். பெருவிரலுக்கு அதுவரை பொறுமையிராது என்பது தோன்றவே இல்லை. 'பணம் போகிறது' என்பதை முதல் வரியாகவும் தொகையை அடுத்த வரியாகவும் மாற்றினேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அத்திருத்தம் இருக்கிறது. பெயரைக் குறிப்பிட ஆய்வு நெறிமுறை இடந்தராததால், 'தகவலாளி 1' என்று இட்டிருக்கிறேன்.