பாலத்தில் கேட்பவர் இல்லை

சோனி ராலின்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அந்தப் பாலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 1959-இல், ஜாஸ் உலகின் தலைசிறந்த டெனர் சாக்ஸஃபோன் கலைஞர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட காலத்தில், அவர் மேடையை விட்டு இறங்கினார். நியூயார்க்கில் அவர் குடியிருந்த இடத்தில் மணிக்கணக்காக வாசித்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. அவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தார். எனவே வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குச் சென்று, ரயில்களின் இரைச்சலுக்கும் கீழே செல்லும் படகுகளின் சங்கொலிக்கும் நடுவே வாசித்தார். சில நாட்களில் 15 மணி நேரம் வரை. 1961-இன் இறுதியில்தான் மேடைக்குத் திரும்பினார்.

நம் புராணங்களின் தவக்கதைகளைப் போலிருப்பதால் எனக்கும் இது உடனே பிடித்துப்போயிற்று. ஆனால் தவத்தின் முடிவில் வரம் கிடைக்க வேண்டுமல்லவா? 1962-இல் ‘தி பிரிட்ஜ்’ இசைத்தட்டு வெளிவந்தபோது விமர்சகர்கள் சிலர் ஏமாற்றமடைந்தனர். அந்த இடைவெளியில் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்குக்கு வந்து ஜாஸின் இலக்கணத்தையே கலைத்திருந்தார். ஜான் கோல்ட்ரேன் வேறு உயரங்களைத் தொட்டிருந்தார். ராலின்ஸோ ஜிம் ஹாலின் மென்மையான கிதாருடன் பழைய பாடல்களையும் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு எதற்கு அந்த இரண்டு ஆண்டுகள்?

விடை பாலத்துக்கு முன்பே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹெராயின் பழக்கத்துக்கு லெக்சிங்டன் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று மீண்ட ராலின்ஸ், 1956-இல் ‘சாக்ஸஃபோன் கொலோசஸ்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதிலுள்ள ‘ப்ளூ 7’ ஒரு ப்ளூஸ். எளிய வடிவம், திரும்பத் திரும்ப வரும் சுற்று. ஒரு சின்னஞ்சிறு மெட்டை எடுத்துக்கொண்டு, நம் பாடகர்கள் ஒரே வரியை நிரவல் செய்வதுபோல, 11 நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பதிவை அதிலிருந்தே எழுப்பினார். 1958-இல் கந்தர் ஷுல்லர் அந்த வாசிப்பை நுணுக்கமாக ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஜாஸ் விமர்சனத்தின் முக்கியமான கட்டுரைகளில் ஒன்று அது, முழுக்கப் பாராட்டுதான். ஆனால் யோசிக்காமல் செய்த ஒன்றைப் பிறர் விளக்கிச் சொன்னபின், வாசிக்கும்போது தன்னையே கவனிக்கும் சங்கடம் ஏற்பட்டதாக ராலின்ஸ் பின்னர் சொல்லியிருக்கிறார்.

எழுதுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. ஒரு கதையின் உத்தியைப் பாராட்டிவிட்டால், அடுத்த கதையில் உத்தி மட்டுமே எஞ்சுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். வசை எழுத்தாளனைக் கோபப்படுத்தும். பாராட்டோ அவன் கைக்கும் தாளுக்கும் இடையில் வந்து உட்கார்ந்துவிடும்.

பாலத்தில் கேட்பவர் இல்லை. கடந்துபோகிறவர்கள் மட்டுமே உண்டு. தன் வாசிப்பில் தனக்கே நிறைவில்லை என்பதுதான் ராலின்ஸ் சொன்ன காரணம். அந்த நிறைவின்மையைப் பிறருடைய அளவுகோலிலிருந்து மீட்டெடுக்க அவருக்கு அப்படியோர் இடம் தேவைப்பட்டிருக்க வேண்டும். ‘தி பிரிட்ஜ்’ இசைத்தட்டில் நான் கேட்பது புரட்சியை அல்ல; எதையும் நிரூபிக்க வேண்டியிராத ஒருவரின் மூச்சை.

1960-களின் இறுதியில் மீண்டும் விலகினார். அக்காலத்தில் பம்பாயின் பவாய் பகுதியில் ஓர் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கினார். இந்த மௌனங்களெல்லாம் அவரே தேர்ந்தவை. கடைசி மௌனம் அப்படியல்ல. நுரையீரல் நோயால் 2012-க்குப் பிறகு அவரால் மேடையில் வாசிக்க இயலவில்லை. சில ஆண்டுகளில் தனிமையில் வாசிப்பதும் நின்றுபோனது. பாலத்தில் ஒரு நாளில் 15 மணி நேரம் ஊதிய மூச்சு அது. ஊதுகுழல் கலைஞனுக்கு விதி இதைவிடக் குறிபார்த்து அடிக்க முடியாது.

நண்பர்கள் ‘ப்ளூ 7’-ஐ ஒருமுறை கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் ஷுல்லரை மறந்துவிடுங்கள். இந்தக் கட்டுரையையும்.