மறுபடியும் தன் இடத்தில்



சென்ற ஆண்டு சில வாரங்கள், அமெரிக்காவின் சான் ஹொசே நகரில் பணிபுரியும் என் மகனுடைய வீட்டில் தங்கியிருந்தேன். ஓர் இரவு உறக்கம் வரவில்லை. மகன் தன் கணினியில் பழைய விளையாட்டுப் பதிவு ஒன்றைக் காட்டி, "அப்பா, இது இந்த ஊர் அணி. இப்போது இல்லை" என்றான். அரைமனதோடுதான் அமர்ந்தேன். எழுந்தபோதோ, என் உள்ளத்தில் நெடுநாளாகக் கிடந்த ஒரு குற்றவுணர்வு என்னை நேருக்கு நேராகப் பார்த்தது.

அந்த விளையாட்டின் பெயர் அரங்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை, கூரையின்கீழ் ஆடுவதற்கேற்பச் சுருக்கி அமைத்தது இது. 1987-இல் நான்கு அணிகளோடு இதன் தொழில்முறைப் போட்டிகள் தொடங்கின. திறந்தவெளி மைதானத்தின் நீளம் 100 கெஜம். இங்கே 50 கெஜம் மட்டுமே. அங்கே அணிக்கு 11 பேர். இங்கே 8 பேர். ஆடுகளத்தின் ஓரங்களில் மெத்தை பொதிந்த சுவர்கள்.

இந்த ஆட்டத்தில் எல்லாரும் விரும்புவது புள்ளி குவிப்பதையே. ஆகவே விதிகளும் தாக்குகிறவன் பக்கமே சாய்ந்திருக்கின்றன. பந்து ஆட்டத்திற்கு வருமுன்னரே தாக்கும் அணியில் ஒருவன் முன்னோக்கி ஓடத் தொடங்கலாம். அவன் வேகமெடுத்து வரும்போது, தடுப்பாளன் அவனை எதிர்கொள்ளவேண்டும். தன்னைக் கடந்து எதிராளி புள்ளி எடுப்பதை அவன் ஓர் இரவிலேயே பலமுறை பார்க்கிறான்.

2004-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் சான் ஹொசே அணி, அரிசோனா அணியை 69-க்கு 62 என்ற கணக்கில் வென்றது. அந்த எண்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். கோப்பையைக் கையில் ஏந்திய அணியின் தடுப்பாளர்களே 62 புள்ளிகளை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்! அன்று வெற்றி, ஒருமுறையும் தோற்காதவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் தங்கள் இடத்திற்குத் திரும்பி வந்து நின்றவர்களுக்கே கிடைத்தது.

அந்த அணியில் பாரி வாக்னர் என்றொரு வீரர் இருந்தார். அக்காலத்து விதிப்படி பெரும்பாலான வீரர்கள் தாக்குதல், தடுப்பு ஆகிய இரண்டிலும் ஆடியாக வேண்டும். தடுப்பில் ஏமாந்தவன் ஓரமாய் அமர்ந்து வருந்த நேரமில்லை. அடுத்த நிமிடமே அவன் தாக்குதலுக்கு நிற்கவேண்டும். இருவகையிலும் சிறந்தவருக்கு 'இரும்பு மனிதர்' என்னும் விருது இருந்தது. வாக்னர் அதை 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் பெற்றார்.

இவ்வளவு உழைத்தவர்கள் பெரும் செல்வர்களானார்கள் என்று எண்ணவேண்டாம். பணநெருக்கடியால் 2009-இல் போட்டிகளே நடைபெறவில்லை. 2010-இல் மீண்டும் தொடங்கியபோது பெரும்பாலான வீரர்களுக்கு ஓர் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 400 டாலர் மட்டுமே ஊதியம். 2019-இல் அந்த அமைப்பும் மூடப்பட்டது. ஆயினும், அத்தனை ஆண்டுகளும் யாரோ ஒருவர் அந்தத் தடுப்பாளனின் இடத்தில் வந்து நின்றுகொண்டே இருந்தார்.

என் குற்றவுணர்வு எது என்று சொல்லவேண்டும். நான் முன்பு ஊழியம் செய்த ஓர் ஊரில் குடிப்பழக்கத்திற்கு அடிமையான ஒரு சகோதரர் இருந்தார். அவர் குடும்பத்தாரின் அனுமதியோடே இதை எழுதுகிறேன். சிகிச்சைக்கு அழைத்துச் சென்றோம், மூன்று மாதம் நன்றாயிருந்தார், மறுபடியும் விழுந்தார். இப்படி ஐந்துமுறை. ஐந்தாம் முறைக்குப்பின் நான் அவரைப் பார்க்கப் போவதை நிறுத்திக்கொண்டேன். "என்னால் இயன்றதைச் செய்துவிட்டேன்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், தோற்றுத் தோற்று எனக்கு வெட்கமாயிருந்தது. அவர் மனைவியோ ஒரு நாளும் தன் இடத்தை விட்டு விலகவில்லை. "ஐயா, இன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். சோறு வடித்து வைத்திருக்கிறேன்" என்று ஒருமுறை சொன்னார். அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த வீட்டிற்குச் சென்றேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று எவரும் கேட்கவில்லை; அதுவே என்னை அதிகமாய்க் குத்தியது. அந்தச் சகோதரர் முற்றும் மீண்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை, இன்னும் விழுகிறார். ஆனால் இரு மாதங்களுக்குமுன் ஓர் இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, கடை வாசலில் நிற்கிறேன். பேசிக்கொண்டே இருங்கள்" என்றார். அவர் வீடு போய்ச் சேரும்வரை பேசினோம். குடித்தபின் வந்த அழைப்புகள் எத்தனையோ. குடிக்குமுன் வந்த அழைப்பு அதுவே முதல்.

நீதிமொழிகளின் ஞானி காட்டும் நீதிமான் விழாதவன் அல்லன்; விழுந்த இடத்திலேயே கிடந்துவிடாதவன். இது விழுகிறவருக்கு மட்டுமல்ல, அவரைத் தாங்க முயன்று தோற்கிற நமக்கும் பொருந்தும்.

நீங்களும் ஒரு பிள்ளைக்காக, ஒரு நோயாளிக்காக, முறிந்துபோன ஓர் உறவுக்காகப் பலமுறை முயன்று தோற்றிருக்கலாம். எத்தனை முறை தோற்றீர்கள் என்று இந்த வாரம் எண்ணிப் பார்க்கவேண்டாம். நீங்கள் விட்டு வந்த இடம் எது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அங்கே உங்களுக்காக ஒருவர் இன்னும் காத்திருக்கக்கூடும்.