பங்கசு பழகிப் போவதில்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. வெங்காயம் செய்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம்.

கீரிமலைப் பக்கம் தோட்டக்காரரோடு கதைத்தால் ஒரே வசனம்தான் காதில் விழுகிறது. "மருந்து பழகிப் போச்சு சேர், இப்ப கேக்குதில்லை." வெங்காயத் தாள் முறுகிச் சாய்கிறது. முதல் அடித்த அதே மருந்தையே இரண்டு மடங்காகக் கலந்து அடிக்கிறார்கள். வீட்டில் கேட்டதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எங்களிடம் கொண்டுவந்தார்கள்: பங்கசுக்கு மூளை இல்லையே, அது எப்படிப் பழகும்?

நல்ல கேள்வி. இதே இடத்தில்தான் மார்ஷல் வார்ட் என்ற பெரிய பங்கசு ஆராய்ச்சியாளரும் சறுக்கினார். அவர் பெயரெடுத்தது எங்கள் நாட்டுக் கோப்பித் தோட்டங்களில்.

இன்றைக்குத் தேயிலை நிற்கிற மலைகளில் அன்று கோப்பி நின்றது. 1869 இல் இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் தெரியத் தொடங்கியது. பேராதனைப் பூங்காவிலிருந்து துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பாதிரியார் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். இரண்டாவது சொல்லுக்கு 'நாசமாக்குகிறவள்' என்று அர்த்தம். பெயர் பொய்யாகவில்லை. 1870 அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி இறாத்தல் கோப்பி ஏற்றுமதி செய்த நாடு, 1889 இல் 50 இலட்சம் இறாத்தலுக்கு இறங்கியது. 1884 இல் ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து திரும்பிப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளர், வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக்குக் குடும்பத்தோடு தங்கினார்கள். மலையக மக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பங்கசுக்கும் ஒரு பந்தி ஒதுக்கத்தான் வேண்டும்.

வார்ட் 1880 இல் வந்தபோது அவருக்கு 25 வயது மட்டில். இரண்டு வருடம் நின்றார். வித்திகள் காற்றில் வருவதையும், இலையின் மேல் தண்ணீர் பட்டால் முளைப்பதையும், இலைவாய்க்குள்ளால் உள்ளே போவதையும் ஒழுங்காகக் காட்டினார். உள்ளே போன பிறகு மருந்து பூசிப் பிரயோசனமில்லை என்றார். மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டதுதான் நோய்க்கு வழி விட்டது என்றும் எழுதினார். துரைமார் கேட்டது மருந்து, அவர் கொடுத்தது விளக்கம். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. (ஆசிரியர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.)

ஒரே பயிர் என்பதற்கு உள்ளே இன்னொன்றும் இருக்கிறது. அரபிக்கா கோப்பி யெமனிலிருந்து வெளியே போன மிகச் சில மரங்களின் வழித்தோன்றல். ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றாலும் பரம்பரையலகில் அவை கிட்டத்தட்ட ஒரே மரம். ஒன்றின் பூட்டுக்குத் திறப்பு கிடைத்தால் எல்லாம் திறந்துவிடும்.

பிறகு கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த காலத்தில் வார்ட் ஒரு புல்லினத்தில் வரும் துரு நோயை ஆராய்ந்தார். ஒரு புல்லைத் தாக்க முடியாத துரு, இடையில் இன்னொரு புல்லில் கொஞ்சக் காலம் வாழ்ந்து 'பழகி', பிறகு முதலாவதையும் தாக்கும் என்று 1903 அளவில் முடிவு கட்டினார். எங்கள் தோட்டக்காரர் சொல்கிற அதே 'பழகிப் போச்சு'தான். அதே கேம்பிரிட்ஜில் 1905 இல் பிஃபென், கோதுமை துருவை எதிர்க்கும் குணம் மெண்டலின் விதிப்படி பிள்ளைக்குப் போகிறது என்று காட்டினார். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்டாக்மனும் கூட்டாளிகளும் துருவை வேறு வேறு பயிரில் வளர்த்துப் பார்த்தார்கள். அது பழகவில்லை. ஒரே துரு என்று நினைத்ததற்குள் பல இனங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் தன் குணத்தோடேயே நின்றது.

பாத்தியில் நடப்பதும் இதுதான். ஒரு நோய்ப் பாத்தியில் கோடிக்கணக்கான வித்திகள். அவற்றில் எங்கோ ஒன்றிரண்டு, மருந்து வருவதற்கு முன்பே, தற்செயலான விகாரத்தால் வேறு மாதிரி இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்லும். மிஞ்சிய ஒன்றிரண்டுக்கும் பாத்தி முழுதும் சொந்தமாகும். எந்தப் பங்கசும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தேர்வு மட்டும் நடந்திருக்கிறது, அந்தத் தேர்வை நடத்தியது எங்கள் தெளிகருவி.

கூர்ப்பு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களில் சிலர் முகம் சுளிப்பது தெரியும். இங்கே குரங்குக் கதை ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று போகத்துக்குள், இரண்டு பரப்புக் காணிக்குள் நடப்பதைத்தான் சொல்கிறோம்.

பழகுவதா, தேர்வா என்பதில் காசும் இருக்கிறது. பழகுவது என்றால் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். தேர்வு என்றால், கூட்டிய அளவிலும் தப்புகிறதைத்தான் நாங்கள் வளர்க்கிறோம். கார்பெண்டசிம் என்ற பங்கசுநாசினி பங்கசுவின் ஒரேயொரு புரதத்தில் போய்ப் பிடிக்கிறது. அந்தப் புரதத்தில் ஒரேயொரு அமினோவமிலம் மாறினால் பிடி விட்டுவிடும், பிறகு இரண்டு மடங்கு அடித்தும் பிரயோசனமில்லை. மான்கோசெப் பல இடத்தில் தாக்குகிறது, அதனிடமிருந்து தப்ப ஒரு விகாரம் போதாது. இதனால்தான் மருந்தின் வகையை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்கிறார்கள். நோய் வந்த பாத்தியிலிருந்து விதை வெங்காயம் எடுக்காதீர்கள் என்பதற்கும், இரண்டு மூன்று இனத்தை வைத்திருங்கள் என்பதற்கும் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. குமிழிலிருந்து குமிழ் நட்டுக்கொண்டே போனால் எங்கள் பாத்தியும் அந்தக் கோப்பி மலை போலத்தான்.

கீரிமலையில் இதைச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. 1990 இல் விட்டுப் போன காணிக்குத் திரும்பி வருவது என்றால் என்னவென்று இந்தப் பக்கத்துச் சனத்துக்கும் தெரியும், எங்கள் சோனகத்தெருச் சனத்துக்கும் தெரியும். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, கடன்பட்டு விதை வாங்கியவர்களிடம் "மருந்தைக் குறையுங்கள்" என்று லேசாகச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் ஆடி அமாவாசைக்கு ஊரெல்லாம் வந்து முழுகுகிற அந்தக் கேணிக்குள் வருவது, மழையாக விழுந்து சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் ஓடி, கடலோரத்தில் ஊறுகிற நிலத்தடி நீர். எங்கள் குடிதண்ணீர்க் கிணறுகளுக்கும் அதே கல்தான் அடி. யாழ்ப்பாணக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கூடியிருப்பது எத்தனையோ ஆய்வுகளில் பதிவாகிவிட்டது. பங்கசைக் கொல்லாத இரண்டாவது மடங்கு மருந்துக்கும் கீழே போக வேறு பாதை இல்லை.

இனி ஒரு வேலை. அடிக்கிற மருந்தின் லேபிளைத் தொலைபேசியில் படம் எடுங்கள் (பக்கெற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம்). பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் உள்ளே இருக்கிற இரசாயனம். கடையில் "வேற மருந்து தாங்கோ" என்று கேட்டு வாங்கியதிலும் அதே இரசாயனம் இருக்கலாம். படத்தைக் கீழே போட்டால் இரண்டும் ஒரே வகையா, வேறு வகையா என்று பார்த்து எழுதிவிடுகிறோம். எதை எப்போது அடிப்பது என்பதை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். போகும்போது முறுகிய தாள் இரண்டையும் கடதாசியில் சுற்றிக் கொண்டு போங்கள்.