பரம்பரை நோயா இது?



பவானியில் ஜமக்காளத் தறியோசையிலேயே வளர்ந்தவர் என் அக்காவின் கணவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஓயாத களைப்பு; இடப்பக்க விலாவின் கீழே கனம். பரிசோதித்தபோது இரத்தத்தில் வெள்ளணுக்கள் பன்மடங்கு பெருகியிருந்தன. "நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். குரோமோசோமில் ஏற்பட்ட கோளாறு" என்றார் மருத்துவர்.

அந்தச் சொல் ஊரில் பரவியது. மகளுக்குப் பேசி முடித்திருந்த நிக்காஹ் நின்றது. "குரோமோசோம் என்றால் பரம்பரைதானே? நாளை பேரப்பிள்ளைகளுக்கும் வருமே!" என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டனர். தம் நோய்க்குக் கலங்காத மச்சான், மகளின் முகம் பார்த்துக் கலங்கினார்.

மருத்துவரிடமே சென்று கேட்டேன். அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. இந்நோயில் 9ஆவதும் 22ஆவதும் அறுந்து, முனை மாறி ஒட்டிக்கொள்கின்றன. தறியில் இரு நிற நூல்கள் அறுந்து, மாற்றி முடிச்சிட்டது போல. அம்முடிச்சினால் உண்டாகும் ஒரு நொதி, வெள்ளணுக்களை ஓயாது பெருகச் செய்கிறது. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்போர்ட் ஆகிய இருவர் இக்குறையைக் கண்டறிந்தனர். அது இடமாற்றத்தால் விளைவது என்பதை 1973இல் ஜானட் ரௌலி அம்மையார் விளக்கினார்.

இக்குறை பிறவியில் வருவதன்று. வாழ்நாளின் இடையே, எலும்பு மஜ்ஜையின் ஓர் அணுவில் நேர்வது. பிள்ளைப்பேற்றுக்குரிய அணுக்களில் அது இல்லை. எனவே பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. மரபுவழி வரும் புற்றுநோய்கள் சில உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று.

குறை இருக்குமிடம் தெரிந்ததே மருந்துக்கும் வழியாயிற்று. அந்நொதியைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காப்புரிமை வழக்கு நடந்த காலத்தில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்திய நிறுவனங்களின் மாத்திரைக்கோ அப்போது சுமார் 10,000 ரூபாய்தான் ஆயிற்று. நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1 அன்று மறுத்தது. எங்களைப் போன்ற வீடுகளுக்கும் அம்மாத்திரை எட்டியது இதனால்தான்.

மச்சான் இன்று கடைக்குச் சென்று வருகிறார். நலமாகிவிட்டது என்று தாமாக மாத்திரையை நிறுத்துவதில்லை. குறித்த நாளில் இரத்தப் பரிசோதனையும் தவறுவதில்லை. அவர் மகளுக்குத்தான் இன்னும் வரன் அமையவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படியொரு வீடு இருக்கலாம். அங்கே சம்பந்தம் பேசுவோர் இதே கேள்வியைக் கேட்டால், தயவுசெய்து இந்த விவரத்தை எடுத்துச் சொல்லுங்கள்.